மெய்ப்பு

நாற்பத்தெட்டு மணிநேரத்தில் திருப்பி அனுப்பவேண்டும்.
தவறினால் உள்ளபடியே அச்சேறும்
என்கிறது பதிப்பகத்தின் தானியங்கிக் கடிதம்.
அதில் பதினோரு மணிநேரத்தை
நான் தூங்கியே தீர்த்துவிட்டேன்.

ஊட்ரம். ஏழாவது மாடி.
ஹுவீ ஷான் அட்டவணைகளைப் பார்க்கிறாள்,
நான் படங்களை.
படம் ஒன்று, குடும்பக் கிளைப்படம்:
சதுரம் ஆண், வட்டம் பெண்,
கறுப்பு நிரப்பினால் நோய்,
பாதி நிரப்பினால் சுமப்பவர்.
குறுக்கே சாய்கோடு விழுந்தால் இறந்தவர்.
எப்படி என்று எழுத இடமில்லை.
அத்தை மகளைக் கட்டியிருந்தால்
நடுவே ஒன்றல்ல, இரண்டு கோடு.

இரண்டாம் தலைமுறை, மூன்றாம் ஆள்.
கட்டுரையில் அவர் அவ்வளவுதான்.
இங்கே சதக்கத்துல்லா என்கிறேன்,
அதுவும் மாற்றிய பெயர்தான்.
பதினேழு வருடம் பேருந்து ஓட்டியவர்.
இரவு முறை வேண்டாம் என்று கெஞ்சி
சோம்பேறிப் பட்டம் வாங்கியவர்.
ஒரு மழை மாலை, பூன் கெங் நிறுத்தத்தில்
கைநீட்டிய பெண்ணைக் காணாமலே
கடந்துபோனவர்.

குழாய்வழிப் பார்வை என்று எழுதினோம்.
அவர் சொன்னது அதுவல்ல:
"பரோட்டா தெரியுதும்மா.
பக்கத்துக் குழம்பு தெரியல."
எந்தப் பகுதியிலும் அதைச் சேர்க்க முடியவில்லை.

முந்நூறு கோடி எழுத்தில் ஓர் எழுத்து.
சி நிற்கவேண்டிய இடத்தில் டி.
பள்ளிக்கூடத்தில் என்றால் ஒற்றுப்பிழை,
கால் மதிப்பெண் குறைந்திருக்கும்.
இவருக்குத் தாய் தந்த படியிலும் அதே பிழை,
தகப்பன் தந்த படியிலும் அதே.

மூன்று இதழ்கள் மறுத்து, இது நான்காவது.
ஒரே குடும்பம் போதுமா என்று கேட்டார்
இரண்டாம் மதிப்பாய்வாளர்.
கருத்துக்கு மனமார்ந்த நன்றி என்று தொடங்கி
ஒன்பது பக்கம் பணிந்தோம்.
'முதன்முறையாக' என்பதை எடுத்துவிட்டு
'நாங்கள் அறிந்தவரை' என்று போட்டோம்.

இப்போது மெய்ப்பில்
அந்தச் சதுரம் வெள்ளையாக இருக்கிறது.

எந்த ஊரிலோ, எந்த இரவு முறையிலோ
பக்கம் வடிவமைத்தவர்
கறுப்பை நிரப்ப மறந்திருக்கிறார்.
பெற்றோர் பாதிப் பாதி, சரி.
அக்காவின் வட்டம் கறுப்பு, சாய்கோடு, சரி.
அவர் மட்டும் நலம்.

திருத்தம் போட ஒரு நொடி ஆகும்.
நான் எழுந்துபோய்க் கோப்பி கலக்கினேன்.
மின்தூக்கிப் பக்கம் சும்மா நடந்தேன்.
திரும்பி வந்தால் கைப்பேசியில் அவரே.
போன மாதப் பரிசோதனைக்கு வந்த
டாக்சிக் காசு இருபது வெள்ளி
இன்னும் வரவில்லையாம்.

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.
சிரித்தார்.
"அப்ப லைசென்ஸைத் திருப்பிக் கேட்டுடலாமா?"
பின்னால் யாரோ கோப்பைகளை அடுக்கும் சத்தம்.
கொஞ்சம் பொறுத்து,
"அக்காவையும் வெள்ளையாக்க முடியுமா?
சும்மாதான் கேக்கறேன்."
அதற்குள் அவரே,
"சரி, அந்தக் காசைப் பாருங்க."

மெய் என்றால் உண்மை.
உடம்புக்கும் அதுதான் சொல்.
இரண்டையும் பார்த்துத் திருத்தச் சொல்லி
ஒரு கோப்பை அனுப்பியிருக்கிறார்கள்.

படம் ஒன்று, இரண்டு-மூன்று:
தயைகூர்ந்து கறுப்பு நிரப்புக.
நன்றியுரை: பங்கேற்ற குடும்பத்துக்கு.
பெயர் சேர்க்கவா என்ற கேள்விக்கு: வேண்டாம்.

அனுப்பினேன். மீதம் மூன்று மணிநேரம்.

பிறகு கணக்குப் பிரிவின் படிவத்தை எடுத்தேன்.
டாக்சிக் காசு, இருபது வெள்ளி.
அதில் மட்டும்
பெயரை முழுதாக எழுதவேண்டும்.
தகப்பன் பெயரோடு,
எழுத்துப் பிழையில்லாமல்
எழுதினேன்.